படித்துறையிலிருந்து தொடங்கிய ஒப்பாரி

அப்போது நான் கோலாலம்பூரில் ரயில்வே அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். கிராணி என்றால் காகிதத்தை மட்டும் நம்புகிற ஆள். ஒரு விஷயம் எழுதப்பட்டு, கையெழுத்தாகி, முத்திரை குத்திக் கோப்பில் கட்டப்பட்டிருந்தால் அது நடந்தது. இல்லாவிட்டால் நடக்கவில்லை. இந்த ஒரே கொள்கையோடு பத்து வருடம் நாற்காலியைத் தேய்த்தவன் நான்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில் நானும் மனைவியும் மாமனாரும் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வாசலில் பெட்டிசன் எழுதிக்கொள்ள ஆட்கள் வந்து நிற்பார்கள். சும்மாதான் எழுதிக் கொடுப்பேன். தர்ம சிந்தை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என்னுடைய ஆங்கிலக் கையெழுத்தின் மீது எனக்கிருந்த மயக்கம்தான் காரணம். அந்த வளைவும் சுழியும் பெரிய துரைகளின் மேசைவரை போகிறது என்று நினைக்கும்போதே எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் பெரியாத்தா வந்தார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ரயில்வே கூலிகள் குடியிருந்த லயத்தில் ஓர் அறையில் தனியாக இருந்தார். அறுபதை நெருங்கும் வயது. ரயில் பெட்டிகளைக் கூட்டித் துடைக்கும் வேலையை அப்போதுதான் விட்டிருந்தார். ஆனால் ஊர் அவரை அறிந்தது வேறொன்றுக்காக. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் ஆள் போவது அவரைக் கூப்பிடத்தான். அவர் வந்து உட்கார்ந்து குரலெடுத்த பிறகுதான் அது சாவு வீடாகும். செத்தவரின் பிறந்த ஊர், வந்த கப்பல், பட்ட பாடு, பெற்ற பிள்ளை என்று ஒன்று விடாமல் ஒப்பாரியில் கோத்துவிடுவார். கல்நெஞ்சுக்காரனும் கண்ணைத் துடைத்துக்கொள்வான்.

“தம்பி, கிள்ளான் ஆத்தோரம் எங்க ஆளுங்க படுத்திருக்குற எடத்துல முளை அடிச்சிட்டாங்களாம். வண்டிக்காரன் வந்து சொன்னான். ரப்பர் கிடங்கு கட்டப் போறாங்களாம். நிறுத்தணும். எழுது” என்றார்.

என்ன இடம், எந்த ஆட்கள் என்று கேட்டேன். அவர் சொன்னது இது. நாற்பது வருடத்துக்கு முன்பு, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து சின்னக் கப்பலில் கிள்ளான் ஆற்றுக்குள் வந்து சேர்ந்தது அவர்கள் கூட்டம். அவருக்குப் பதினேழு வயது, கல்யாணமாகி ஆறு மாதம். சின்னக் கப்பலிலேயே பேதி கண்டுவிட்டது. படித்துறையில் இறக்கி, பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் எல்லோரையும் அடைத்து வைத்தார்கள். ஒன்பது நாளில் பதினேழு பேர் போனார்கள். கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி வரிசையாகப் புதைத்தார்கள். பதினேழாவது ஆள் அவருடைய புருஷன். மறுநாளே மிச்சம் இருந்தவர்களை ரயிலேற்றி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

“அழக்கூட விடலை தம்பி. சத்தம் கேட்டா மத்தவங்க பயந்து ஓடிருவாங்கன்னு கங்காணி வாயப் பொத்திட்டான். அவங்க மேல கிடங்கு வேற வரணுமா?”

நான் எழுதினேன். என் வாழ்நாளிலேயே மிக அழகான பெட்டிசன் அது. மூன்று வாரத்தில் கிள்ளானிலிருந்து பதில் வந்தது. அந்த நிலத்தில் யாரையும் புதைத்ததாக எந்தப் பதிவும் இல்லை. இறந்தவர்களின் பெயர்களைக் கொடுத்து, சர்வேயர் முன்னிலையில் புதைத்த இடங்களைக் காட்டினால் ஆவன செய்யப்படும். அடுத்த மாதக் கடைசிவரை அவகாசம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்திலும் ஒன்று உறுத்தியது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் எழுத்துக்கு எழுத்து இதைத்தான் எழுதியிருப்பேன்.

பெரியாத்தாவை அழைத்து, நோட்டைத் திறந்து, பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு, “பேரை ஒவ்வொண்ணாச் சொல்லுங்க” என்றேன். நாலு பெயர் சொன்னார். ஐந்தாவதில் நின்றார். முதலாவதையே மறுபடி சொன்னார். பிறகு தலையை ஆட்டினார்.

“சும்மா கேட்டா வராது தம்பி. பாட்டுல இருக்கு.”

அந்த ஒன்பது நாளும் கொட்டகையில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே ஒரு ஒப்பாரி கட்டியிருக்கிறார். ஒவ்வொரு ஆளைப் புதைத்துவிட்டு வந்ததும் அந்த ஆளின் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் அதில் சேர்த்திருக்கிறார். ஊரிலிருந்து யாராவது தேடி வந்தால் சொல்ல வேண்டுமே என்றுதான். யாரும் வரவில்லை. பாட்டு மட்டும் உள்ளேயே இருந்தது. நாற்பது வருடமாக அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுப் பாடியதில்லை, மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வதோடு சரி. சாவில்லாமல் ஒப்பாரி எடுத்தால் சாவைக் கூப்பிட்ட மாதிரி ஆகும் என்பதால் வீட்டில் பாட முடியாது. சாவு வீட்டிலும் பாட முடியாது. அங்கே அந்த வீட்டுப் பிணத்துக்குத்தானே அழ வேண்டும்?

“எங்க வீட்டுல பாடுங்க. கதவைச் சாத்திக்கிட்டா யாருக்குக் கேக்கப் போவுது?” என்றேன் நான்.

உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். “உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? எங்கப்பாவுக்கு ஒரு வாரமா இருமல். இந்த நேரத்துல வீட்டுக்குள்ள ஒப்பாரியா?” என்றாள். அவளுக்கு நான் வரலாறு, ஆவணம், அரசாங்கம் என்று பெரிய பெரிய வார்த்தையாக எடுத்து விட்டேன். மாமனார் முகம் மழிக்கக் கிளம்பிப் போனதும், இதுதான் சமயம் என்று கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன். அதுதான் நான் செய்த முதல் மடத்தனம்.

பெரியாத்தா மெதுவாகத்தான் தொடங்கினார். ஆனால் நாற்பது வருடம் அடைபட்டுக் கிடந்த பாட்டு மெதுவாக வருமா? இரண்டாவது அடியிலேயே குரல் கூரையைத் தொட்டது.

“நாகப்பட்டினத்துக் கரையில நாம நின்னு ஏறையில
நாலு பக்கம் தண்ணின்னு நமக்கு யாரும் சொல்லலியே”

நான் பென்சிலோடு காத்திருந்தேன். நாகப்பட்டினம் போய், நடுக்கடல் வந்தது. கப்பலில் சோறு புளித்தது வந்தது. பினாங்கின் விளக்கு வந்தது. ஒரு பெயரும் வரவில்லை. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தபோது கதவை யாரோ இடித்தார்கள்.

திறந்தால் தெருவே நின்றது. பக்கத்து வீட்டம்மாள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மாரில் அடித்தபடி உள்ளே பாய்ந்தாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள். ஆண்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். ஒரு வாரமாக மாமனார் இருமியதைத் தெரு முழுவதும் கேட்டிருக்கிறது. சாத்திய கதவுக்குள் பெரியாத்தாவின் குரல் கேட்டால் வேறென்ன நினைப்பார்கள்? பறையடிப்பவருக்கு ஆள் போயாகிவிட்டது. இன்னொருவர் சீனன் கடையில் சவப்பெட்டி சொல்லச் சைக்கிளில் கிளம்பிவிட்டாராம்.

நான் வாயைத் திறப்பதற்குள் தெருமுனையிலிருந்து மாமனார் ஓடி வந்தார். ஒரு கன்னம் மழித்திருந்தது, மறு கன்னத்தில் சோப்பு நுரை. அவர் வீட்டில் சாவு என்று முகம் மழிக்கிற இடத்திலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். தான் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியும். ஆகவே செத்தது நான்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

“மாப்பிள்ளை போயிட்டீங்களா, என் பொண்ணை விட்டுட்டுப் போயிட்டீங்களா” என்று கதறிக்கொண்டு வந்தவர் வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றார். அழுவதற்கு வந்திருந்த கூட்டம் அவரைப் பார்த்துவிட்டு நின்றது. பிறகு என் மனைவி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து முடித்ததும் என்னை வெளுத்து வாங்கினாள். அந்த வசவை நான் இங்கே எழுதப் போவதில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்து, வீடு முழுவதும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, பெட்டி சொல்லப் போனவரைத் திருப்பிக் கூட்டிவர இன்னொரு சைக்கிளை அனுப்பினோம். மாமனார் மறு கன்னத்தை மழிக்கப் போனார். போகும்போது, “என் சாவுக்கு இவ்வளவு பேரு வருவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன், அதுவரைக்கும் லாபம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியாத்தா மட்டும் சிரிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு சொன்னார்.

“இது சாவில்லாத வீடு தம்பி. இங்க பாடினது தப்பு. ஆனா அங்க பதினேழு சாவு கெடக்கு. அழாத சாவு. அதுக்கு அழுதா யாரு தப்புன்னு சொல்லுவா? என்னை அங்க கூட்டிட்டுப் போ. அந்த எடத்துலயே பாடறேன்.”

என் மனைவி சட்டென்று, “நானும் வரேன் பெரியாத்தா” என்றாள்.

அந்த இடத்திலேயே பாட வைக்கலாம் என்கிற இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். பத்து வருடக் கிராணி.

அவகாசம் முடிய இரண்டு நாள் இருந்தபோது சர்வேயர் நேரம் கொடுத்தார். நான் லீவு போட்டேன். காலை ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். பெரியாத்தா, நான், மனைவி, மாமனார், கூட அழுவதற்கு லயத்துப் பெண்கள் ஐந்து பேர். மாமனாரை யாரும் கூப்பிடவில்லை. “நானும் கப்பல்ல வந்தவன்தான், என்னை விட்டுட்டுப் போனா நல்லா இருக்காது” என்று கட்டுச்சோற்றுத் தூக்கைத் தானே எடுத்துக்கொண்டு முதலில் போய் ரயிலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆற்றோரம் முழுக்க இடுப்பளவு லாலான் புல். அதற்குள் வெள்ளை பூசிய முளைகள். மேடு இல்லை, கல் இல்லை, கொட்டகை இருந்த அடையாளம்கூட இல்லை. சர்வேயர் யாழ்ப்பாணத்துக்காரர். கறுப்புக் குடையும் தோல் பையுமாக நேரத்துக்கு வந்து நின்றார். கூடவே நீண்ட இரும்புக் கம்பியோடு ஒரு மலாய்க்காரர், நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிற அவருடைய ஆள். குழி இருந்தால் தலைமாட்டில் செம்பாறைக் கல் புதைத்திருக்கும் என்று பெரியாத்தா சொல்லியிருந்தார். கப்பல் ஆட்களே பாதை போடும் இடத்திலிருந்து தூக்கி வந்து வைத்த கல்லாம். கம்பியால் குத்திப் பார்த்தால் தட்டுப்பட வேண்டும்.

“நீங்கள் சொல்லுறது உண்மையா இருக்கலாம். ஆனால் பிளானில ஒண்டும் இல்லை. எனக்குக் கல்லைக் காட்டுங்கோ, நான் எழுதித் தாறன். ரெண்டு மணிக்கு நான் வேற இடம் போகவேணும்” என்றார் சர்வேயர். கறாரான ஆள், ஆனால் முகத்தில் ஏளனம் இல்லை.

பெரியாத்தா, “ஆத்தோரம் போவணும். பாட்டு நாகப்பட்டினத்துல ஆரம்பிக்குது” என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கடல் ஏற்றத்தில் ஆறு கரை தொட நிறைந்திருந்தது. படித்துறையையும் காணோம், ஒன்றையும் காணோம். என் வீட்டில் கேட்ட நாகப்பட்டினமும் நடுக்கடலும் பினாங்கும் நினைவுக்கு வந்தன. அதையெல்லாம் பாடி முடிப்பதற்குள் சர்வேயர் குடையை மடக்கிவிடுவார்.

“கப்பல் கதையெல்லாம் இப்ப வேணாம் பெரியாத்தா. செத்தவங்க பேரு வர்ற எடத்துலேர்ந்து பாடுங்க. அதுதான் இவருக்கு வேணும்” என்றேன். இது என் இரண்டாவது மடத்தனம், முதலாவதைவிடப் பெரியது.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பெட்டிசன் எழுதிய பிள்ளை சொல்கிறானே என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு மரத்தின் அடிக்கட்டை தெரிந்த இடத்தில் நின்று, திணறித் திணறி, பாட்டின் நடுவில் ஓரிடத்தைப் பிடித்துத் தொடங்கினார். ஒரு பெயர் வந்தது. பத்தடி நடந்து கையைக் காட்டினார். மலாய்க்காரர் கம்பியைக் குத்தினார். வெறும் சேறு. அடுத்த பெயர், அடுத்த இடம். சேறு. மூன்றாவது பெயர் பாதியிலேயே அறுந்துவிட்டது. கம்பி மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

சர்வேயர் நோட்டை மூடினார். “மன்னிக்க வேணும் அம்மா” என்றார்.

பெரியாத்தா புல்லில் உட்கார்ந்துவிட்டார். “என் ஆளுங்கள நானே தொலைச்சிட்டேனே” என்று சொன்னார். அது ஒப்பாரி இல்லை, வெறும் பேச்சுதான். ஆனால் நான் கேட்ட எந்த ஒப்பாரியும் என்னை அப்படி அறுத்ததில்லை.

மாமனார் தூக்கைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். வாழ்நாளில் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனுஷர்.

“மாப்பிள்ளை, நீங்க இங்கேயே பொறந்தவரு. உங்களுக்கு ஒண்ணும் தெரியல. நாங்க வந்தது தண்ணிலேர்ந்து. எங்களுக்கு இந்த ஊரு தண்ணிப் பக்கத்துலேர்ந்துதான் ஆரம்பம். நீங்க ரோட்டுப் பக்கத்துலேர்ந்து இறக்கிவிட்டு, பாதிலேர்ந்து பாடுன்னா அந்தம்மா எங்கே போயி நிக்கும்? கப்பல் கதைதான் வழி. அதை விட்டா வழி ஏது?”

என் மனைவி இதற்குள் கரைக்குப் போயிருந்தாள். “இங்க வாங்க, வந்து பாருங்க” என்று கூப்பிட்டாள். தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. கரையோரச் சேற்றிலிருந்து கறுப்பாக மூன்று மரத்தூண்களின் தலை வெளியே தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்காவது தலை தெரிந்தது. பழைய படித்துறையின் கால்கள் அவை.

நான் சர்வேயரிடம் போய், தவறு என்னுடையது என்றும், அந்த அம்மாளை நான்தான் குழப்பிவிட்டேன் என்றும் சொன்னேன். எனக்கு மன்னிப்புக் கேட்கும் பழக்கம் கிடையாது, ஆகவே அதைக்கூடப் பெட்டிசன் போலத்தான் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பெரியாத்தாவைப் பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு நிழலில் நின்றார். “பாடச் சொல்லுங்கோ. முழுசாய்ப் பாடட்டும்” என்றார்.

பெரியாத்தா தண்ணீரோரம் போய், ஆற்றுக்கு முதுகு காட்டி, மரத்தூண்களுக்கு நேராக நின்றார். லயத்துப் பெண்கள் பின்னால் நின்றார்கள். என் மனைவியும் அவர்களோடு சேர்ந்து தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். நாகப்பட்டினத்தில் தொடங்கினார். இந்தமுறை நான் வாயைத் திறக்கவில்லை. நாலு பக்கமும் தண்ணீர் வந்தது, புளித்த சோறு வந்தது, பினாங்கு விளக்கு வந்தது, சின்னக் கப்பல் வந்தது. அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. எதிர்க்கரையில் தோணி கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சின்னக் கப்பல் கரை சேர்ந்ததும் பாட்டுக்குக் கால் முளைத்தது.

“படித்துறையில கால வச்சேன் பச்சத்தண்ணி குடிக்கலியே
பத்தடிக்குத் தெக்கால பாய விரிச்சுப் போட்டாங்களே”

பாடிக்கொண்டே நடந்தார். சின்னச் சின்ன அடியாக, ஒவ்வொன்றும் கனத்து விழுந்தது. வயதான கால் தள்ளாடுகிறது என்று நினைத்து நான் பிடித்துக்கொள்ளப் போனேன். கையை உதறிவிட்டார். பிறகுதான் புரிந்தது. ஆளைத் தூக்கிக்கொண்டு நடந்த நடை அது. பதினேழு வயதில் பாரத்தோடு வைத்த அடியும், அறுபதில் பாரமில்லாமல் வைத்த அடியும் ஒரே அளவாக இருந்தன.

“கொட்டாய்க்குப் பின்னால கூப்பிடற தூரமில்ல
முப்பதடி நடந்தாக்க மொதக் குழி உனக்கய்யா”

முப்பதாவது அடியில் நின்றார். முதல் பெயர், தகப்பன் பெயர், ஊர். மலாய்க்காரர் கம்பியைக் குத்தினார். ணங் என்றது.

“அடா” என்றார் அவர். இருக்கிறது என்று அர்த்தம். சர்வேயர் தானே வந்து குனிந்து, கம்பியை வாங்கி இன்னொரு தரம் குத்தினார். ணங். மண்ணை விலக்கினார்கள். ஒரு சாண் ஆழத்தில் செம்பாறைக் கல்லின் முதுகு தெரிந்தது.

அதன் பிறகு பாட்டு நிற்கவில்லை. நாலடிக்கு ஓர் ஆள். மன்னார்குடிப் பக்கத்து வண்டிக்காரர். அக்கா தங்கை இருவர், ஒரே குழியில். பாட்டு தெரிந்த ஒரு கொல்லர். தாய் பால் கொடுக்கும்போதே போன கைக்குழந்தை, அதற்குப் பெயர் வைக்கவில்லை, ‘சோழவந்தான்காரி மகன்’ என்று பாடினார். ஒவ்வொரு பெயருக்கும் கம்பி இறங்கியது, ஒவ்வொரு தரமும் கல் பேசியது. சர்வேயர் பிளானில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போட்டார். நான் பெயர்களை எழுதினேன். என் அழகான கையெழுத்து கோணலும் மாணலுமாகப் போயிற்று, நான் கவலைப்படவில்லை. கண்ணீர் காகிதத்தில் விழுந்தது, அதற்கும் வெட்கப்படவில்லை. ஏழாவது கல்லில் மலாய்க்காரர் தலையிலிருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கம்பியை மெதுவாக இறக்கத் தொடங்கினார். கீழே படுத்திருப்பவருக்கு வலிக்கக் கூடாது என்பது போல இருந்தது.

பதினைந்தாவது கல்லும் கிடைத்தபோது லயத்துப் பெண் ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. ஒப்பாரி பாடிய அதே வாயால் குலவை போட்டாள். சாவுக்கு அழுகிற இடத்தில் குலவை போடுகிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் மற்ற நாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள், என் மனைவியும் போட்டாள். மாமனார் துண்டைத் தலைக்கு மேலே வீசினார். எதிர்க்கரைத் தோணிக்காரர்கள் என்னவென்று தெரியாமலே கையாட்டினார்கள்.

பெரியாத்தா மட்டும் இன்னும் நாலடி நடந்தார். நின்றார். பாட்டு இறங்கி, ஏறக்குறையப் பேச்சாகிவிட்டது.

“கடைசிக் குழி என் குழி கட்டினவர் படுத்த குழி
கண்ணுத் தண்ணி விடும் முன்னே கையப் புடிச்சு ஏத்திட்டாங்க”

அவ்வளவுதான், பாட்டு முடிந்தது. பெயர் வரவில்லை. கம்பி இறங்கியது, கல் இருந்தது. சர்வேயர் பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“இவரின்ர பேர் என்ன அம்மா?”

பெரியாத்தா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எங்களுக்குப் புரிந்தது. புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் அவர் காலத்துப் பெண்களுக்குக் கிடையாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். பாட்டில்கூட அவர் அந்தப் பெயரை வைக்கவில்லை. பதினேழு பேரில் பதினாறு பேரின் பெயரை நாற்பது வருடம் காப்பாற்றியவர், ஒன்றை மட்டும் ஒரு தரம்கூட உதட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. அந்தப் பெயர் தெரிந்த வேறு ஆள் உயிரோடு யாரும் இல்லை.

லயத்துப் பெண்கள் வழக்கம்போலத் துப்புக் கேட்டார்கள். சாமி பேரா? மலைமேல் இருக்கிற சாமியா? ஆத்துப் பேரா? அவர் எதற்கும் தலையாட்டவில்லை. சர்வேயர் தயங்கித் தயங்கி, “பரவாயில்லை. ‘இன்னாருடைய புருஷன்’ எண்டு உங்கட பேரைப் போட்டு எழுதலாம். அதுவும் செல்லும்” என்றார்.

“வேணாம்” என்றார் பெரியாத்தா. “மத்தவங்கெல்லாம் அவங்கவங்க பேருல இருக்கும்போது, அவரு மட்டும் என் பேருல ஒண்டிக்கிட்டு இருக்கணுமா?”

ஆற்றை ஒரு தரம் பார்த்தார். பிறகு மாமனார் பக்கம் திரும்பி, “பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னு சொன்னாங்க அண்ணே. இனிமே குறையறதுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டார்.

மாமனார், “ஒண்ணும் இல்லம்மா. சொல்லு” என்றார்.

அவர் சொன்னார். முதலில் வெறும் மூச்சாக. யாருக்கும் கேட்கவில்லை. சர்வேயர் குடையை மடக்கிவிட்டுப் பக்கத்தில் வந்தார். இரண்டாம் தரம் கேட்டது. மூன்றாம் தரம், பேரோடு தகப்பன் பேரும் ஊர்ப்பேரும் சேர்த்து, படித்துறைவரை கேட்கிறாற்போல, ஒப்பாரிக்கு எடுக்கிற முழுக் குரலில் சொன்னார். நான் எழுதினேன். அந்த ஒரு வரி மட்டும் கோணாமல் வந்தது.

கிடங்கு வேறு இடத்தில் கட்டப்பட்டது. இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. ஆற்றோரத்து அந்தத் துண்டு நிலம் அடக்க பூமியென்று ஒதுக்கப்பட்டுவிட்டது, பிளானில் பதினாறு குறிகள் ஏறிவிட்டன, அக்கா தங்கைக்கு மட்டும் சேர்த்து ஒன்று. தமிழில் பெயர்கள் எழுதிய பலகை ஒன்று இப்போது அங்கே இருக்கிறது. பெரியாத்தாவின் புருஷன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பார்க்க வேண்டும் என்கிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆற்றுப் பக்கமாகப் போங்கள். கப்பல் பாட்டு முழுவதையும் பிறகு ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பலகையடியில் உட்கார்ந்து எழுதி முடித்தேன். நாகப்பட்டினத்திலிருந்து, ஒரு வரி விடாமல்.

ஆனால் அந்தக் கடிதத்தைவிட எனக்கு நன்றாக நினைவிருப்பது அன்று சாயங்காலம் திரும்பி வந்த ரயில்தான். பெரியாத்தா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கிள்ளான் ஸ்டேஷனைத் தாண்டியதும் அந்தப் பெயரை மெதுவாக ஒரு தரம் சொன்னார். சொல்லிவிட்டு யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று பார்த்தார். பிறகு மறுபடி சொன்னார். பத்து தீகாவில் வண்டி நின்றபோது காப்பி விற்க வந்தவரிடம் சொன்னார். எதிரில் உட்கார்ந்திருந்த, தமிழ் தெரியாத சீனப் பெண்ணிடம் சொன்னார். பதினேழு வயதுப் பெண் புதுப்புடவையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது போல, விட மனமில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தரமும் புதிதாகக் கேட்பவள் போலத் தலையாட்டினாள்.

கோலாலம்பூரில் இறங்கி வெளியே வரும்போது, டிக்கெட் வாங்குகிற பையன் கையை நீட்டினான். பெரியாத்தா டிக்கெட்டைக் கொடுக்காமல், “எங்க வீட்டுக்காரர் பேரு என்ன தெரியுமா?” என்று கேட்டு, அந்தப் பெயரைச் சொன்னார்.

அவன் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தான். பின்னால் கூட்டம் நெருக்கியது. “நல்ல பேருதான் ஆயா. டிக்கெட்டைக் குடுங்க” என்றான்.

“ஆமாப்பா” என்றார் பெரியாத்தா, டிக்கெட்டை அவன் கையில் வைத்துக்கொண்டே. “சொல்லிப் பாக்கவும் நல்லாத்தான் இருக்கு.”